வாசலுக்கு வரும் துரை

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் ஆகிறது. மனைவி துணி துவைப்பதைப் பார்த்து சத்யராஜுக்குக் கைகால் நடுங்கியது இன்றுதான் முதல் தடவை.

தங்கம்மா என்னவோ எப்போதும் போலத்தான் துவைத்துக்கொண்டிருந்தாள். குவார்ட்டர்ஸின் பின்புறம், காப்பிச் செடிகள் சரிவில் இறங்கத் தொடங்குகிற இடத்தில் அவளுடைய துவைக்கிற கல் கிடந்தது. போர்வையைச் சுருட்டி அதன்மேல் ஓங்கி ஓங்கி அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் சத்யராஜ் கண்ணை மூடித் திறந்தார்.

“ஏனுங்க, போன்ல யாரு?”

“முதலாளி.”

“என்னவாமா?”

“தங்கம்மா, நீ மொதல்ல அந்தக் கல்லை உட்டு எந்திரி.”

“இன்னும் ரெண்டு போர்வ கெடக்குதுங்க. வெயிலு வாரதே அரை மணி நேரம். அதுக்குள்ள காயப்போடோணும்.”

சத்யராஜ் நாகலூருக்கு மேலே இருக்கிற துரைக்காடு எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் கணக்கு எழுதுவது, பழம் நிறுப்பது, முதலாளி சென்னையிலிருந்து போன் செய்தால் எழுந்து நின்று பேசுவது, இவைதான் வேலை. இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதை விட்டால் அவர்களுக்குப் போக வேறு கூரை கிடையாது. மகள் மலர் திருப்பூரில் ஒற்றை அறையில் இருக்கிறாள். அந்த அறையில் மாப்பிள்ளை கால் நீட்டினாலே கதவு திறக்காது.

முதலாளி அன்று காலை சொன்னது இதுதான். கிளாஸ்கோ என்ற ஊரிலிருந்து ஐலீன் மக்கெல்வி என்று ஒரு அம்மாள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறாள். இந்த எஸ்டேட்டை உண்டாக்கிய மக்கெல்வி துரை, அவளுடைய கொள்ளுத் தாத்தாவுக்கு அண்ணன். துரையின் சமாதியைப் பார்க்க வேண்டுமாம். அதிலும், சமாதிக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டுமாம்.

“நம்ம எஸ்டேட்ல துரை சமாதியைப் பூப்போல வெச்சிருக்கோம்னு சொல்லிட்டேன், சத்யராஜ். அந்தம்மா சந்தோஷமாத் திரும்பிப் போகணும். போனா, உங்க ரெண்டு பேர் ஆயுசுக்கும் அந்த வீடு உங்களுக்கு. போகலைன்னா, ரிட்டயர்மென்ட் வரைக்கும் நீங்க காத்திருக்கவே வேண்டாம்.”

சமாதி இருந்தது. கல்தான் இல்லை. கல்லின்மேல் தங்கம்மா போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மழையில் பழைய துவைக்கிற கல் பிளந்துபோனது. புதுக் கல் வேண்டுமென்று தங்கம்மா மூன்று வாரம் பேசினாள். நான்காவது வாரம் பேசாமல் இருந்தாள். பேச்சைவிட அது மோசமாக இருந்தது. சமாதி மேட்டில் ஒரு கல் சரிந்து உண்ணிச்செடிக்குள் கிடப்பது சத்யராஜுக்கு ஞாபகம் வந்தது. காவல்காரன் மாதையனைக் கூட்டிக்கொண்டு போய் ஜீப்பில் ஏற்றி வந்துவிட்டார். மனைவியிடம் குப்பனூரிலிருந்து வரவழைத்த கல் என்று சொன்னார். கல்லில் இங்கிலீஷ் எழுத்து இருக்கிறதே என்று கேட்டதற்கு, இங்கிலீஷ் படிக்க வராத அவர், அது கம்பெனி பேர் என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் தங்கம்மாவுக்குக் கேட்காமல் கொடுத்த ஒரே பரிசு அதுதான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவள் அந்தக் கல்லைக் காட்டியிருக்கிறாள். “எழுத்து பதிஞ்சிருக்கறதால அழுக்கு நொம்ப நல்லாப் போகுதுங்க” என்று சிபாரிசும் செய்திருக்கிறாள்.

இப்போது உண்மையைச் சொன்னார். தங்கம்மா கையிலிருந்த போர்வை நழுவிக் கீழே விழுந்தது.

“சமாதிக் கல்லா?”

“ஆமா.”

“மூணு வருசமா உங்க பனியனைத் துரை நெஞ்சு மேல போட்டா தொவச்சேன்?”

“நெஞ்சுன்னு எப்படிச் சொல்றது? தலைமாட்டுக் கல்லுதான.”

“அப்ப மூஞ்சி மேல!”

அவள் கல்லை விட்டு நாலடி பின்னால் நகர்ந்தாள். பிறகு மெதுவாக, வேறு ஏதோ கணக்குப் போட்டவள் போலக் கேட்டாள்:

“ஏனுங்க. நம்ம ஊட்டுக் கதவைச் சாயங்காலம் ஆறு மணியானா எதோ பொராண்டுதே. அது எப்ப இருந்து?”

“அது பெருச்சாளின்னு சொன்னனே.”

“எப்ப இருந்துன்னு கேட்டேன்.”

சத்யராஜ் கல்லைப் பார்த்தார். அதுவும் மூன்று வருடமாகத்தான்.

*

துரை சாதாரண ஆள் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். துரைக்காட்டு ஜனங்களுக்கு அவர் சாமி. சமவெளியிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஊர்த் தெய்வங்களைத் தலையில் சுமந்து மலையேற முடியாததால், இங்கே இருந்த ஒருவரையே பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் துரைக்கு வேண்டுதல். பலித்தால் வெள்ளிக்கிழமை மேட்டில் ஒரு சுருட்டு, ஒரு மூடி பிராந்தி, ஒரு பொட்டலம் பிஸ்கட். ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தால் துரைராஜ், துரைசாமி, துரையம்மா, சின்னத்துரை என்று பாதி எஸ்டேட் அவர் பேரில்தான் அரிசி வாங்கியது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பிஸ்கட் மட்டும் இருக்காது. சுருட்டு வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கும். வயதான காலத்தில் துரை புகையை விட்டிருப்பார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பிராந்தியும் காலியாகிவிடும். அது எப்படி என்று மாதையனைக் கேட்டால் அவன் மேலே பார்ப்பான்.

துரையின் அருள் இறங்குவது குப்பாயி மேல். பகலெல்லாம் காப்பிப் பழம் பறிக்கிற ஒடிசலான பெண்பிள்ளை. அருள் வந்துவிட்டால் தொண்டைக்குள்ளிருந்து ‘கர்ர்ர்’ என்று ஒரு பேச்சு வரும், கேட்கிறவன் முதுகு சில்லிடும். துரை இங்கிலீஷில் பேசுகிறார் என்று ஜனங்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். சில சமயம் மண்ணுக்குக் குனிந்து மூக்கை வைத்து இழுப்பாள். துரை மண்வளம் பார்க்கிறாராம். சில சமயம் இரண்டு கையாலும் பரபரவென்று குழி தோண்டுவாள். நாற்று நடக் குழியாம். சரியாக ஒன்றரை அடிதான் இருக்கும் என்று மேஸ்திரிகள் அளந்து பார்த்து வியந்திருக்கிறார்கள்.

கல் காணாமல் போனபோது, துரை கோபித்துக்கொண்டு பூமிக்குள் இறங்கிவிட்டார் என்று குப்பாயி சொல்லியிருந்தாள். அதைக் கேட்டு அன்று சத்யராஜ் மனதுக்குள் சிரித்ததுண்டு.

முதலாளி போன் செய்த அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே மாதையனைக் கூப்பிட்டு அனுப்பினார். மலைமேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. சில்வர் ஓக் மரங்கள் இடுப்புக்குக் கீழே இல்லாமல் நின்றன.

“ரைட்டரய்யா, எடுக்கறப்பவே சொன்னேன், வேண்டாமுங்கன்னு” என்றான் மாதையன்.

“நீ எங்கடா சொன்ன?”

“மனசுக்குள்ள சொன்னனுங்க.”

இருவரும் கல்லின் இரு பக்கமும் கை கொடுத்துத் தூக்கினார்கள். மூன்று வருடச் சோப்பு கல்லில் ஊறிக் கிடந்தது. மாதையன் பக்கம் வழுக்கியது. கல் பழைய கல்லின் துண்டு மேலேயே விழுந்து, மேலிருந்து கீழாக நேர்வாட்டில் இரண்டாகப் பிளந்தது. இடது பாதி சத்யராஜின் காலடியில் நின்றது. வலது பாதி சரிவில் உருண்டது. காப்பிச் செடிகள் ஒவ்வொன்றாக மடங்குகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு பனிக்குள் எதுவும் கேட்கவில்லை.

“தேடறனுங்க” என்று மாதையன் இறங்கிப் போனான். அரை மணி கழித்துக் கையில் உண்ணிமுள் கீறலோடு மட்டும் திரும்பி வந்தான்.

மணி ஆறு. தங்கம்மாவின் பூனை அடுப்படியிலிருந்து ஒரே தாவாகப் பரண்மேல் ஏறிக்கொண்டது. மூன்று வருடமாக இந்த நேரத்துக்கு அது அப்படித்தான் செய்கிறது. பூனைக்கு என்ன புத்தி என்று இதுவரை யாரும் கவனிக்கவில்லை.

முன்கதவில் சத்தம் கேட்டது. பரக், பரக். கொஞ்சம் நிதானித்து மறுபடியும் பரக். கதவின் மேல்பாதியில் இல்லை, கீழே முழங்கால் உயரத்தில். பின்பு கதவிடுக்கு வழியாக ஒரு வாடை வந்தது. மழையில் நனைந்த கம்பளியை மூலையில் போட்டு வைத்தால் வருமே, அந்த வாடை.

“துரையோட கம்பளிக் கோட்டு” என்று மாதையன் உதடு அசையாமல் சொன்னான்.

“கீழ எதுக்குப் பொராண்டறாரு?” என்று தங்கம்மா கிசுகிசுத்தாள்.

“மண்டி போட்டுக் கேக்கறாரு போல. கல்லைக் குடுங்கன்னு.”

ஆறடி வெள்ளைக்காரர் ஒருவர் நனைந்த கோட்டோடு தன் வாசலில் மண்டியிட்டுக் கெஞ்சுகிறார் என்று நினைத்தபோது சத்யராஜ் கதவைப் பார்த்துக் கைகூப்பினார். பயமா பாவமா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

*

சனிக்கிழமை விடிந்ததும் பாதிக் கல்லைச் சாக்கில் சுற்றி மேட்டுக்குக் கொண்டுபோய் நட்டு வைத்தார்கள். பாதி இருக்கிறதே, அதுபோதும், மீதியைக் காலம் தின்றுவிட்டதென்று சொல்லிக்கொள்ளலாம் என்பது சத்யராஜின் கணக்கு. அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து காப்பியை வாயில் வைப்பதற்குள் மேட்டிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால், குப்பாயி கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சுற்றி நாற்பது பேர்.

“எந்திரிச்சு வந்துட்டாருங்க! பூமிக்குள்ள போன துரை பாதி ஒடம்போட எந்திரிச்சு வந்துட்டாரு! மீதி நாளைக்கு வரும்!”

சத்யராஜ் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் நாற்பது பேரும் என்ன செய்வார்கள் என்று யோசித்து மூடிக்கொண்டார்.

ஒன்பது மணிக்குள் கொட்டச்சேட்டிலிருந்து ஒரு ஜீப் நிறைய ஜனம் வந்தது. கல்லுக்கு எண்ணெய்க் காப்பு நடந்தது. மஞ்சள் பூசி, அதன்மேல் சந்தனம் பூசி, அதன்மேல் குங்குமம் வைத்தார்கள். எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. கல், கல்யாணப் பெண்ணின் முகம் போல இருந்தது.

“குப்பாயி, கொஞ்சம் தொடச்சு வெச்சா நல்லாருக்கும். நாளைக்கு சீமையில இருந்து ஒரு அம்மா படிக்க வாராங்க” என்று சத்யராஜ் பதமாகச் சொன்னார்.

“சாமி ஒடம்பைத் தொடைக்கச் சொல்றீங்களா, ரைட்டரே?”

“இல்ல, இல்ல.”

“நாளைக்குப் பத்து மணிக்குப் பெரிய பூசை. துரை உத்தரவு.”

“பத்து மணிக்கா? அப்பத்தான் அந்தம்மா வாராங்க!”

“பின்ன? துரைக்குத் தெரியாதுங்களா, சொந்தக்காரி எப்ப வாரான்னு?”

சத்யராஜ் நாகலூருக்கு இறங்கினார். சையத் இப்ராஹிம் கடையில், துரைக்குப் படைக்க எஸ்டேட்டே வாங்கிப்போனதில் பிஸ்கட் தீர்ந்துபோயிருந்தது. இப்ராஹிம் மகள் ஆஃப்ரின் சேலத்தில் கல்லூரியில் இங்கிலீஷ் படிக்கிறாள். சனி ஞாயிறுக்குக் கடையில் இருப்பாள்.

“நாளைக்கு அந்தம்மா பேசறதை எனக்குச் சொல்லோணும் கண்ணு. நான் பேசறதை அந்தம்மாவுக்குச் சொல்லோணும்.”

“சரிங்க மாமா.”

“குப்பாயி பேசுனாலும் சொல்லோணும்.”

“குப்பாயக்காவா? அவங்க தமிழ்தான பேசறாங்க?”

“நாளைக்கு இங்கிலீஷ் பேசுவா.”

ஆஃப்ரின் அப்பாவைப் பார்த்தாள். அவர் தராசைப் பார்த்தார். அன்னிய மதத்து விஷயத்தில் இப்ராஹிம் அபிப்பிராயம் சொல்வதில்லை. பிஸ்கட் மட்டும் கொடுப்பார்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்று பேரும் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பூனை அடுப்படியிலேயே தூங்கியது. ஒரு சத்தமும் இல்லை. கல் போன இடத்துக்கு துரையும் போய்விட்டார் என்று மாதையன் சொன்னான். சத்யராஜ் இரண்டு நாளில் முதல் தடவையாக நன்றாகச் சாப்பிட்டார்.

தங்கம்மா மட்டும் தூங்கப்போகும் முன், “சத்தமே இல்லாம என்னவோ போல இருக்குதுங்க” என்றாள்.

*

ஐலீன் மக்கெல்விக்கு எழுபது வயதிருக்கும். உயரம், எலும்பு, சிவந்த மூக்கு. முதலாளியோடு காரிலிருந்து இறங்கியதும் ஏதோ சொன்னாள். சத்யராஜ் ஆஃப்ரினைப் பார்த்தார். ஆஃப்ரின் விழித்தாள்.

“என்ன கண்ணு சொல்றாங்க?”

“புரியலீங்க மாமா. இது எங்க சார் சொல்லிக்குடுத்த இங்கிலீஷ் இல்லீங்க. தொண்டையிலேயே பேசறாங்க.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. தொண்டையில் பேசுகிறாளாம். குப்பாயி மாதிரியே. துரை வம்சம்தான், சந்தேகமே இல்லை.

பத்து நிமிடம் பழகியபின் ஆஃப்ரினுக்குப் பிடிபட்டது. அந்த அம்மாள் நடந்துகொண்டே சொன்னதை அவள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“இவங்க அம்மா செத்து நாலு வருசம் ஆச்சுங்களாம் மாமா. இன்னும் சமாதிக்குக் கல்லு வெக்கலீங்களாம். இவங்களுக்கும் தம்பிக்கும் சண்டை. மக்கெல்விங்கற குடும்பப் பேரு ஸ்காட்லாந்துலயும் இருக்குது, அயர்லாந்துலயும் இருக்குது. நாம அயர்லாந்துல இருந்து வந்தவங்க, கல்லுல அயர்லாந்துச் சிலுவை வெக்கோணும்னு இவங்க சொல்றாங்க. இல்ல, சுத்தமான ஸ்காட்லாந்துன்னு தம்பி. பேச்சுவார்த்தையே இல்லீங்களாம். இங்க சர்ச்சுல இருந்த பழைய பதிவேட்டையும் கரையான் தின்னுபோட்டுதாம். இனி இந்தக் கல்லு ஒண்ணுதான் சாட்சி.”

சத்யராஜ் நடையைத் தளர்த்தினார். இதுவரை வீடு போய்விடுமே என்று மட்டும்தான் பயந்திருந்தார். சீமையில் ஒரு தாய் நாலு வருடமாகக் கல் இல்லாமல் கிடக்கிறாள் என்பதை யார் எதிர்பார்த்தார்கள்? அந்தச் சாட்சியின் வலது பாதியை அவரே சரிவில் உருட்டிவிட்டிருந்தார்.

மேட்டில் பம்பை அடித்துக்கொண்டிருந்தது. ஐலீன் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்த அதே கணம் பம்பை தானாக நின்றது. பனி எங்கிருந்தோ மேட்டை மூடியது. நனைந்த கம்பளி வாடை எல்லோர் மூக்கிலும் ஏறியது.

குப்பாயி கர்ர்ர் என்றாள்.

கூட்டம் பின்வாங்கியது. குப்பாயி குனிந்து, கையும் தரையில் ஊன்றி, வந்தவளைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். அந்த அம்மாள் அசையாமல் நின்றாள். குப்பாயி அவள் கைவிரல்களை முகர்ந்தாள். முழங்கையை முகர்ந்தாள். உறுமல் நின்றுபோனது. அதற்குப் பதிலாக மெல்லிய, இழுத்த ஓர் அழுகை அவள் தொண்டையிலிருந்து வந்தது. அப்படியே சரிந்து, அந்த அம்மாளின் செருப்பின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

நூறு பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

“பாத்தீங்களா, ரத்தத்தை மோந்து கண்டுபிடிச்சிட்டாரு!” என்று யாரோ தேம்பினார்கள்.

“துரை என்ன சொல்றாரு கண்ணு?” என்று சத்யராஜ் கேட்டார்.

“வார்த்தையா ஒண்ணுமில்லீங்க மாமா” என்றாள் ஆஃப்ரின். அவள் குரலும் உடைந்திருந்தது. “ஆனா யாரையோ நொம்ப நாளாத் தேடுன மாதிரி இருக்குதுங்க.”

ஐலீன் மக்கெல்வி குனிந்து குப்பாயியின் தலையைத் தடவிக்கொடுத்தாள். கண்ணீர் வழிந்து சிவந்த மூக்கு நுனியில் நின்றது. பிறகு கைக்குட்டையை எடுத்து, யாரையும் கேட்காமல், கல்லின்மேல் இருந்த சந்தனத்தைத் துடைத்தாள். சத்யராஜ் சாமியே என்று கண்ணை மூடினார். ஆனால் ஒருவர்கூடத் தடுக்கவில்லை. சொந்தக்காரி துடைக்கிறாள், யார் கேட்பது?

நான்கு வரிகள், நான்கும் பாதி வரிகள். ஆஃப்ரின் படித்துச் சொன்னாள். முதல் வரியில் மக்கெல்வி. இரண்டாவதில் ஐரிஷ். மூன்றாவதில் நன்றி மறவாத. நான்காவதில் வாசலில்.

“ஐரிஷ்னா?”

“அயர்லாந்துக்காரருன்னு அர்த்தமுங்க மாமா! இவங்க செயிச்சுட்டாங்க!”

ஐலீன் அம்மாள் சத்யராஜைக் கட்டிக்கொண்டாள். அவரை அப்படி யாரும் பொது இடத்தில் கட்டிக்கொண்டதில்லை. தங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நன்றி மறவாத என்றால் கர்த்தருக்கு நன்றியுள்ளவர், வாசலில் என்றால் மோட்ச வாசலில் என்று அந்த அம்மாளே மீதியை நிரப்பிக்கொண்டாள். அங்கேயே தம்பிக்குப் போன் போட்டாள். கிளாஸ்கோவில் அப்போது விடியவில்லை. தலைகலைந்த ஒரு கிழவர் போனுக்குள் தோன்றினார். அவள் கல்லைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

“சரி, அம்மாவுக்கு அயர்லாந்துச் சிலுவையே வெச்சிரலாம்னு சொல்றாருங்க மாமா” என்று ஆஃப்ரின் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

முதலாளி சத்யராஜின் தோளில் கைவைத்தார். “வீடு உங்களுக்குத்தான். நாளைக்கே எழுதித் தந்துடறேன்.”

*

சாயங்காலம் ஐந்தரைக்கு ஆஃப்ரின் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். அந்த அம்மாள் போகும்போது சத்யராஜுக்கென்று ஒரு தகர டப்பா கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். உள்ளே வெண்ணெய் பிஸ்கட். சேலத்துக்கு இறங்குகிற வளைவுகளில் அவள் கார் இப்போது எங்கே போகிறதோ, பாட்டுப் பாடிக்கொண்டே போனாள் என்று ஆஃப்ரின் சொன்னாள்.

“நல்ல காரியம் பண்ணீங்க மாமா.”

“நான் என்ன பண்ணேன்” என்றார் சத்யராஜ். அதில் பொய் எதுவும் இல்லை.

தங்கம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். சுவர்களை ஒரு சுற்று பார்த்தாள். இனி சுண்ணாம்பு அடித்தால் நமக்குத்தான் என்கிற பார்வை அது. அப்போது பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு மாதையன் வந்தான். தலையில் ஒரு சாக்கு மூட்டை. முகமெல்லாம் பெருமை.

“கண்டுபுடிச்சிட்டனுங்க, ரைட்டரய்யா! கீழ மொளகுக் கொடிக்குள்ள ஊக்காந்திருந்துது!”

கூடத்தின் நடுவில் மூட்டையை இறக்கிச் சாக்கை உருவினான். கல்லின் வலது பாதி, மண்ணும் இலையுமாக.

“இதை எதுக்குடா ஊட்டுக்குள்ள கொண்டாந்த?” என்று சத்யராஜ் எழுந்தார். “எல்லாம்தான் முடிஞ்சுதே!”

“வெளிய வெச்சா யாராச்சும் பாத்துருவாங்கன்னு...”

அவன் முடிக்கவில்லை. பரண்மேல் எதுவோ விழுந்த சத்தம் கேட்டது. பூனை ஏறியிருந்தது.

மணி ஆறு.

பரக்.

ஆஃப்ரின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. “என்னங்க மாமா அது?”

பரக், பரக், பரக். இத்தனை நாள் இல்லாத வேகம். முன்கதவின் அடிப்பலகை அதிர்ந்தது. இடுக்கு வழியாகக் கம்பளி வாடை உள்ளே வந்தது. தங்கம்மா கற்பூரம் தேடினாள், அவசரத்தில் தீக்குச்சிகளைத் தரையில் கொட்டினாள். மாதையன் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

சத்யராஜ் கதவுக்கு முன்னால் கைகட்டி நின்றார். முதலாளியிடம் போனில் பேசும்போது நிற்கிற அதே நிலை.

“துரை அவர்களே! தப்புத்தானுங்க! அந்தப் பாதியையும் விடிஞ்சதும் கொண்டாந்து வெச்சுடறனுங்க! மூணு வருசமா உங்க மேல துணி தொவச்சதுக்கு மன்னிச்சுப்போடுங்க! இனிமே எங்க ஊட்டுல யாரும் பனியனே போடமாட்டோமுங்க!”

பிராண்டல் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு, காலையில் குப்பாயியின் தொண்டையிலிருந்து வந்த அதே மெல்லிய அழுகை.

“கண்ணு, நீ இங்கிலீஷ்ல சொல்லு! போகச் சொல்லு!” என்று சத்யராஜ் திரும்பினார்.

ஆஃப்ரின் கதவைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து, துப்பட்டா நுனியால் கல்லின் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் போன். அதில் காலையில் எடுத்த இடது பாதியின் படம். அதைப் பார்த்தாள், இதைப் பார்த்தாள். வரிக்கு வரி உதடு அசைந்தது. நான்காவது வரிக்கு வந்ததும் போனைக் கீழே வைத்தாள். பிஸ்கட் டப்பாவைப் பார்த்தாள். பரண்மேல் முதுகை வில்லாக வளைத்து நின்ற பூனையைப் பார்த்தாள். பிறகு கதவின் அடிப்பலகையை, முழங்கால் உயரத்தில்.

“கதவைத் தொறந்து உடுங்க மாமா. அந்தக் கல்லுக்கடியில இருந்தது துரை இல்லீங்க, அவரு வாசல்ல ஒம்பது வருசம் காவலுக்குக் கெடந்த ஐரிஷ் டெரியர் நாயி, பேரு பேடி; மூணு வருசமாப் பாவம் வெளியவே நிக்குது.”